விரல் மறைத்த சொல்

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில், லாட்ஜுகளுக்கு நடுவே கடை.
பெயர்ப்பலகை மூன்று மொழியில். வங்காளத்தில் மட்டும்
எழுத்துப் பிழை என்று
மால்டாவிலிருந்து வந்தவர்கள், சில்சாரிலிருந்து வந்தவர்கள்
எல்லாரும் சொல்லியாயிற்று.
முனிரத்தினம் அண்ணன் மாற்றுவதாக இல்லை.
லத்தேரியில் ஏறி, காட்பாடியில் இறங்கி,
கல்லூரி முடிந்து ஐந்து மணிக்கு
ஜெராக்ஸ் மெஷினை எழுப்புகிறவன் நான்.

எம்.ஏ. தமிழ், இரண்டாம் வருடம்.
ஆய்வேடு: பிரிவைச் சொல்லும் பாடல்களில் மரங்கள்.
ஆற்றில் தண்ணீர் இல்லை, மலையில் மரம் இல்லை
என்று பேர்வாங்கின ஊர்.
மரங்களை ஆராய நல்ல இடம்தான்.

கூட்டம் இல்லாத நேரத்தில் தேடுவேன்.
ஒரு பெயரைத் தட்டினால் நாலு மரம் வருகிறது:
ஒன்றில் முள், ஒன்றில் மஞ்சள் பூ,
ஒன்று ஓசூர் நர்சரியில், டெலிவரி இலவசம்.
அவன் போன வழியில் நின்றது இதில் எது?
எட்டுத் தளங்களில் ஒரே விளக்கம்,
எட்டிலும் ஒரே இடத்தில்
ஒற்று விட்டுப்போயிருக்கிறது.

மூலத்தைத் தேடிப் போனேன்.
பழைய உரை ஒன்று, யாரோ வலையில் ஏற்றியது.
இருநூற்றுப் பதினான்காம் பக்கம், கடைசிக்கு முந்தின வரி.
சொல் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு கட்டைவிரல்.
ஸ்கேன் பண்ணினவருடையது.
நகத்தில் பாதி வளர்ந்து போன மருதாணி.
பெரிதாக்கினேன். ரேகை தெரிகிறது,
மை தெரியவில்லை.

விரலுக்கு அடியில் இன்னது இருக்கும் என்று
ஒருவர் ஊகித்திருக்கிறார்,
ஏழு பேர் அவரை நம்பியிருக்கிறார்கள்.
எட்டாவதாக நான்,
போன செமஸ்டரில், பத்துக்கு ஒன்பது.

மாவட்ட நூலகத்தில் கேட்டேன்.
பதிவேட்டில் இருக்கிறது, அலமாரியில் இல்லை.
யார் எடுத்தார்கள் என்ற கட்டத்தில் ஒரு கையெழுத்து,
அதையும் படிக்க முடியவில்லை.

அந்த வாரம்தான் அந்த அம்மாள் வந்தாள்.
கையில் பழுப்பு உறை, மணிக்கட்டில் சங்கு வளையல்.
அறிக்கையில் ஒரு சொல்லைத் தொட்டு
"டைப்" என்றாள். அவளுக்கு இருந்த ஆங்கிலம் அவ்வளவு.
தட்டினேன்.
எழுத்துப் பிழை இல்லாமல் தட்டினேன், பழக்கம்.

எனக்கு நாலு மரம் காட்டிய அதே பெட்டி
அவளுக்கு ஒரே ஒரு எண் காட்டியது,
பெரிதாக, கட்டம் போட்டு.
ஐந்து வருடம் கழித்து நூறில் எத்தனை பேர் என்று.
என் விரல் எப்போது போனது தெரியாது.
எண்ணின் மேல் போய் நின்றுவிட்டது.
"டாக்டர். டாக்டர்கிட்ட" என்றேன்.
இந்தியில் சொன்னேனா, தமிழில் சொன்னேனா.

அவள் என் விரலைப் பிடித்தாள்.
கோபமில்லை. குழந்தை வாயிலிருந்து
மண்ணை எடுப்பதுபோல் நகர்த்தினாள்.
31.
எண்ணைப் படிக்க மொழி வேண்டியதில்லை.
இரண்டு தரம் பார்த்தாள், உறையை மடித்தாள்,
"கித்னா?" என்றாள்.
பத்து ரூபாய்.
வாங்காமல் விட்டிருக்கலாம். வாங்கினேன்.
பிறகு வெளியே நின்று பார்த்தேன்.
அனல் காற்றில், லாட்ஜ் படியில்,
மாடிக்குப் போகாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.
மாடியில் யாரோ அவளுக்காகக் காத்திருக்க வேண்டும்.

பிரிவு பற்றி அறுபது பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.
அன்றிரவு அதில் ஒரு வரியும் சேரவில்லை.
அடிக்குறிப்பு ஒன்றை மட்டும் திருத்தினேன்:
'இவ்விடத்தில் சொல் தெரியவில்லை. விரல் மறைக்கிறது.'

'சிதைவு' என்று போடணும்,
அதுதான் முறை என்று
சிவப்பில் எழுதி அனுப்பினார் கைடு மேடம்.
போட்டேன்.

மருதாணி விரல்காரி,
நீ அவசரத்தில் இருந்திருப்பாய், அவ்வளவுதான்.
ஆனாலும் அந்தப் பக்கத்தைத் தனியாகச் சேமித்தபோது
கோப்புக்கு 'சிதைவு' என்று பெயர் வைக்கக் கை வரவில்லை.
'விரல் 214' என்று இருக்கிறது,
கடைக் கணினியில்,
பயண டிக்கெட்டுகளுக்கும் ரத்தப் பரிசோதனைகளுக்கும் நடுவே.